இதயம் நின்ற பிறகும் நுரையீரல் பயன்படும்

“இதயம் நின்ற அந்த நொடியே நுரையீரலும் வீண். அதை இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள் என்றால், ஆள் உயிரோடு இருக்கும்போதே எடுத்திருக்கிறார்கள்” என்று ஒரு தகவல் சுற்றிவருகிறது. இரண்டுமே தவறு.

மற்ற உறுப்புகள் ஆக்சிஜனுக்கு இரத்தத்தையே நம்பியிருக்கின்றன. நுரையீரலுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. காற்றறைகளில் தங்கியிருக்கும் காற்றே அதன் செல்களைச் சிறிது நேரம் காப்பாற்றும். 1963இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜேம்ஸ் ஹார்டி செய்த, மனிதருக்கான முதல் நுரையீரல் மாற்றுச் சிகிச்சையே மாரடைப்பில் இறந்தவரின் நுரையீரலைக் கொண்டுதான். சுவீடனின் லுண்ட் நகரில் ஸ்டிக் ஸ்டீன் குழுவும் அப்படியொரு சிகிச்சையின் வெற்றியை 2001இல் வெளியிட்டது. டொராண்டோ மருத்துவர்களோ, எடுத்த நுரையீரலை உடலுக்கு வெளியே 37 டிகிரி வெப்பத்தில் இயங்கவைத்து, சோதித்த பின் பொருத்தும் முறையை வளர்த்தெடுத்தார்கள்.

உயிரோடு எடுக்கிறார்கள் என்பது குரூரமான பொய். துயரத்தில் இருக்கும் குடும்பத்தை அது எவ்வளவு வதைக்கும்! பிரிட்டனில் இரத்த ஓட்டம் நின்றபின் 5 நிமிடம் கண்காணித்தே மரணத்தை உறுதிசெய்கிறார்கள். அதைச் செய்பவர்கள் மாற்றுச் சிகிச்சைக் குழுவினர் அல்லர்.

இப்படி நுரையீரல் பொருத்தப்பட்டவர்களின் நிலை? 2019இல் வெளியான சர்வதேசப் பதிவேட்டு ஆய்வில், மூளைச்சாவு அடைந்தவரிடம் பெற்றாலும் இதயம் நின்றவரிடம் பெற்றாலும் 5 ஆண்டு உயிர்வாழும் விகிதம் ஏறத்தாழ ஒன்றே.