லட்ரோப் பள்ளத்தாக்கில் வேலை போனது எப்போது?

"ஆஸ்திரேலியாவின் லட்ரோப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் நிலக்கரி வேலை இருந்தது, 2017இல் கார்பன் வரி போட்டு ஹேசல்வுட்டை மூடியதும்தான் ஊரே அழிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறு. கார்பன் வரி, அதாவது கரியமில வாயு வெளியேற்றத்துக்கான வரி, 2014லேயே ரத்தாகிவிட்டது. ஹேசல்வுட் ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய நிலக்கரி மின்நிலையம், கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் செலவு கட்டுப்படியாகாமல்தான் மூடினார்கள், அதில் ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்து சுமார் 750 பேருக்கு வேலை போனது.

அது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய அடி 1990களிலேயே விழுந்துவிட்டது: விக்டோரியா மாநில அரசின் மின்சார ஆணையத்தை உடைத்துத் தனியாரிடம் விற்றபோது ஆயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள், பள்ளத்தாக்கின் மோயி, மோர்வெல் ஊர்களில் அந்தத் தலைமுறையின் பிள்ளைகளுக்குப் பயிற்சி வேலைகூடக் கிடைக்கவில்லை. அப்போது மின்சாரம் தயாரிப்பது குறையவே இல்லை, ஆட்கள்தான் குறைந்தார்கள்.

அப்புறம், ஹேசல்வுட்டை மூடப்போவதாகச் சொன்னது, மூடுவதற்கு வெறும் ஐந்து மாதத்துக்கு முன்னால். ஆனால் பக்கத்து யாலோர்ன் மின்நிலையம் 2028இல் மூடும் என்று 2021லேயே சொல்லிவிட்டார்கள். கோபப்பட வேண்டியது அந்த ஐந்து மாத அவகாசத்தைப் பற்றித்தான். ஹேசல்வுட் இடத்தில் இப்போது இருக்கும் பேட்டரி நிலையத்துக்கு நிரந்தர ஆட்கள் மிகக் குறைவு, அதையும் மறைக்கக் கூடாது.