லியோனெல்லா இன்னும் அருளாளரே

"சோமாலியாவில் திருப்பலியின்போது ஆலயத்துக்குள் கொல்லப்பட்ட புனித லியோனெல்லா" என்று ஒரு செய்தி பகிரப்படுகிறது. ஆலயத்துக்குள் கொல்லப்பட்டார் என்பது, புனிதர் என்பது இரண்டும் தவறு.

கொன்சொலாத்தா மறைபரப்பு சபையைச் சேர்ந்த இத்தாலியக் கத்தோலிக்க அருள்சகோதரியான லியோனெல்லா ஸ்கோர்பாத்தி, 2006 செப்டம்பர் 17 அன்று சோமாலியத் தலைநகர் மொகதிசுவில் செவிலியர் வகுப்பை முடித்து, மருத்துவமனைக்கு எதிரே இருந்த இல்லத்துக்குத் தெருவைக் கடக்கையில் சுடப்பட்டார். அவரைக் காக்க முயன்ற முகமது மகமூது என்ற சோமாலிய முஸ்லிம் காவலரும் உயிரிழந்தார். பகிரப்படும் செய்தியில் அந்தக் காவலரின் பெயரே இல்லை. அதுதான் பெரிய அநீதி. இறக்கும் தறுவாயில் "மன்னிக்கிறேன்" என்று சகோதரி மும்முறை சொன்னது உண்மை.

2018 மே 26 அன்று இத்தாலியின் பியாசென்சாவில் அவர் அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தப்பட்டார். மறைசாட்சிக்கு (நம்பிக்கைக்காக உயிர்நீத்தவருக்கு) அந்நிலைவரை புதுமை, அதாவது அவரது பரிந்துரையால் நிகழும் அற்புதம், தேவையில்லை. புனிதர் பட்டத்துக்கோ, வழக்கமாக, அருளாளரான பின் நிகழ்ந்த ஒரு புதுமை உறுதிப்பட வேண்டும்.