அருவிக்குப் போன சித்தப்பா

(வெளிநாட்டில் ஒரு வீடு. கோடைக்காலம். ஜன்னலோர நாற்காலியில் சித்தப்பா.)

நான்: சித்தப்பா, சாப்பிட வாருங்கள். இரவு 8 மணி ஆகிவிட்டது.

சித்தப்பா: இரவு ஆகட்டும்மா.

நான்: இதுதான் சித்தப்பா இரவு.

சித்தப்பா: எதிர்வீட்டுக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார். இது இரவா?

நான்: பூமி சாய்ந்து சுற்றுகிறதே, இவ்வளவு வடக்கே வந்தால் கோடையில் இருட்ட 10 மணி ஆகும்.

சித்தப்பா: அது சாய்ந்ததற்கு நான் ஏன் அவசரமாகச் சாப்பிட வேண்டும்?

நான்: அப்புறம் விடியற்காலை 3 மணிக்கு எழுந்து சமையலறையில் உருட்டுவீர்கள். மேற்கே பறந்து வந்திருக்கிறீர்கள், உடம்பு இன்னும் ஊர் நேரத்தில்தான் ஓடும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மணி நேரம்தான் சரியாகுமாம். சாயங்கால வெயிலில் நடந்தால் சீக்கிரம் பழகும்.

சித்தப்பா: பழகியதும் விமானம் ஏற்றிவிடுவாய். திரும்பிப் போவது கிழக்கே, அது இதைவிட மோசம் என்கிறார்கள். நான் பாதியிலேயே நின்றுகொள்கிறேன்.

நான்: சரி, நாளைய திட்டத்தையாவது பார்த்தீர்களா? பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேனே.

சித்தப்பா: பார்த்தேன். 9.10 அருங்காட்சியகம், 11.40 அருவி, 1.15 ஏரி. 2.30 முதல் 2.45 வரை ஓய்வு. அந்த ஓய்வை மட்டும் 9.10க்குத் தொடங்கி இரவு வரை நீட்டிவிடு. மற்றபடி அருமையான திட்டம்.

நான்: உங்களுக்காக லீவு போட்டிருக்கிறேன் சித்தப்பா!

சித்தப்பா: லீவு போட்டவள் லேப்டாப்போடு குளியலறைக்குள் ஏன் போகிறாய்?

நான்: அது... ஒரே ஒரு மெயில்.

சித்தப்பா: மெயிலா? 'நான் பேசுவது கேட்கிறதா, கேட்கிறதா' என்று கத்தினாயே. நன்றாகக் கேட்கிறதம்மா என்று நானும் இங்கிருந்து பதில் சொன்னேன்.

நான்: அது நீங்கள்தானா! மேனேஜர் யார் அது என்று கேட்டார். ...சரி, நாளைக்கு என்னதான் செய்யலாம்?

சித்தப்பா: குப்பை லாரி வரும். என்ன லாரி அது! பக்கவாட்டில் ஒரு இரும்புக் கையை நீட்டித் தொட்டியைப் பிடித்து, தூக்கி, கவிழ்த்து, உதறி, வைத்த இடத்திலேயே வைக்கிறது. ஓட்டுநர் இறங்குவதே இல்லை. போன தடவை கை காட்டினேன், அவரும் காட்டினார். அப்புறம் பக்கத்து வீட்டு நாய். போகும்போது நடந்து போகும், வரும்போது தூக்கிக்கொண்டு வருகிறார்கள். மஞ்சள் கதவு வீட்டுப் பையன் வயலின் கற்றுக்கொள்கிறான். பாவம், அந்த வீட்டுக்காரர்கள்.

நான்: அந்த வீட்டில் பையன் இருக்கிறானா?

சித்தப்பா: உனக்குத் தெரியாதா? சதா அருவி, ஏரி என்று சுற்றினால் இப்படித்தான்.

நான்: நான் எங்கே சுற்றினேன்? உங்களைச் சாக்கு வைத்தாவது அருவியைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

சித்தப்பா: அப்படிச் சொல்! முதலில் உட்கார். நாற்காலியை இழுத்துப் போடு.

(போன் அடிக்கிறது.)

நான்: சித்தி! அங்கே இன்னும் சரியாக விடிந்தே இருக்காதே?

சித்தப்பா: கணக்குக் கேட்க உன் சித்திக்கு நேரம் காலம் கிடையாது. (போனில்) சொல்லு... ஆமாம், ஒரே அலைச்சல், கால் வீங்கிவிட்டது... வீடியோவா? மலைமேல் இருக்கிறோம், சிக்னல் போதாது... இரைச்சலா?

(உள்ளே வாஷிங் மெஷின் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறது.)

சித்தப்பா: அருவிதான். அப்படிக் கொட்டுகிறது!

(மெஷின் நிற்கிறது.)

சித்தப்பா: நின்றுவிட்டதா? ...வெளிநாடு அல்லவா, 8 மணிக்கெல்லாம் மூடிவிடுவார்கள்.