எளிய கொக்காம், ஐந்தே நிமிடமாம்!

‘புதியவர்களுக்கான எளிய காகிதக் கொக்கு, ஐந்தே நிமிடத்தில்!’ என்று காணொளிக்குத் தலைப்பு வைக்கிறார்களே, அவர்களுக்கெல்லாம் மனசாட்சி என்று ஒன்று உண்டா? மழைத் தண்ணீரில் கத்திக்கப்பல் விட்டு வளர்ந்த எனக்கே இந்தக் கதி என்றால், காகிதம் மடித்தே பழகாதவர்கள் என்ன பாடு படுவார்கள்?

தொடக்கத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போகிறது. தாளைக் குறுக்கே மடியுங்கள், பிரியுங்கள், மூலைக்கு மூலை மடியுங்கள், பிரியுங்கள் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொல்கிறார்கள். யாருக்கும் தெரிந்த விஷயத்துக்கு இவ்வளவு விளக்கம்! அதன்பின் வருகிறது இதழ் மடிப்பு. சிறு சதுரமாகச் சுருங்கிய தாளின் இரண்டு ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும், மேலே மிஞ்சும் முக்கோணத்தைக் கீழே மடிக்க வேண்டும், பிறகு மூன்றையும் பிரித்துவிட்டு, கீழ்முனையின் மேலடுக்கை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். தூக்கும்போது பக்கவாட்டுக் கோடுகள் எதிர்ப்பக்கமாகத் திரும்பினால்தான் ஓரங்கள் உள்ளே சரிந்து நீண்ட வைர வடிவம் கிடைக்கும். கோடுகள் திரும்ப வேண்டும் என்று எவராவது வாயைத் திறந்து சொல்கிறாரா? கிடையாது. சரியாக அந்த நொடியில் மடிப்பவரின் பெருவிரல் தாளை மறைக்கிறது. விரல் விலகும்போது வைரம் தயார். பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாலும் அதே விரல்தான். இந்த அழகில் பின்னணியில் புல்லாங்குழல் வேறு!

விளக்க வழியே இல்லாத கலை என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஓரிகாமி எனும் இந்தக் காகித மடிப்பில் பேர்போன ஜப்பானியக் கலைஞர் அகிரா யோஷிசாவா 1950களிலேயே இதற்கென்று குறியீடுகளை வகுத்துவிட்டார். சிறு சிறு கோடுகள் என்றால் மடிப்பு உள்ளே குழியும் பள்ள மடிப்பு, கோடும் புள்ளியும் கலந்து வந்தால் மடிப்பு மேலே புடைக்கும் மேட்டு மடிப்பு, எந்தப் பக்கம் மடிப்பது என்பதற்கு அம்புக்குறி. பின்னர் ஓரிகாமி நூல்கள் எழுதிய சாமுவேல் ராண்ட்லெட்டும் ராபர்ட் ஹார்பினும் அதைச் செம்மைப்படுத்த, உலகம் முழுக்கப் பரவியது. ஜப்பானிய மொழியில் ஓரெழுத்து அறியாதவரும் படத்தைப் பார்த்தே மடித்துவிடலாம். அப்படிப்பட்ட ஏற்பாட்டைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, நமக்கு விரலையும் புல்லாங்குழலையும் காட்டுகிறார்கள்.

சரி, படம் போட்ட புத்தகத்தையே பார்த்து மடிக்கலாம் என்றால் தாள் காலை வாரிவிடுகிறது. படத்தில் தாளின் ஒரு பக்கம் நிறம், மறுபக்கம் வெள்ளை. எது உள், எது வெளி என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் தெருமுனைக் கடையில் ஓரிகாமித் தாள் என்று கேட்டால் இருபுறமும் ஒரே ரோஜா நிறத்தில் ஒரு கட்டை எடுத்து நீட்டுகிறார்கள். அதுவும் பெயருக்குத்தான் சதுரம். மூலையோடு மூலையை வைத்தால் ஓரத்தில் ஒரு மில்லிமீட்டர் துருத்துகிறது. ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டால், மடிப்புக்கு மடிப்பு அது வளர்ந்து, கடைசியில் கொக்கின் அலகு மழுங்கிப் போகிறது. ஏ4 தாளில் 87 மில்லிமீட்டர் பட்டையை வெட்டி எறிந்தால் 210 மில்லிமீட்டர் சதுரம் சுத்தமாகக் கிடைக்கும், உண்மைதான். ஆனால் அந்த அச்சுத்தாள் கழுத்தை ஒடுக்கும் இடத்தில் அடுக்கடுக்காகத் தடித்து, மடிய மறுத்து விறைத்துக்கொண்டு நிற்கிறது. எந்த ஜென்மத்துப் பகையோ.

இதற்கு நடுவில், ‘ஓரிகாமி மனத்துக்கு அமைதி தரும்’ என்று உபதேசம் செய்பவர்கள் வேறு. ஆயிரம் கொக்கு மடித்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது ஜப்பானியர் நம்பிக்கையாம். எனக்கு ஒரு கொக்கு வால் முளைக்கும்வரை கிழியாமல் இருந்தாலே போதும்.

எளிது என்று தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. இரண்டு பக்கமும் வேறு வேறு நிறமுள்ள தாளை எடுங்கள். இதழ் மடிப்பு வரும்போது புல்லாங்குழலை நிறுத்திவிட்டு, எந்தக் கோடு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று வாயால் சொல்லுங்கள். அந்தப் பெருவிரலைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளுங்கள்!