சுருள்முடி நாய்க்குட்டி வாங்க நினைப்பவர்களுக்கு

பூடில் என்ற சுருள்முடி இனத்தோடு வேறு இனம் கலந்த நாய்க்குட்டி வாங்கலாமா என்று அடிக்கடி யாராவது கேட்கிறார்கள். கவாலியர் ஸ்பேனியலோடு கலந்த கவாபூ, காக்கர் ஸ்பேனியலோடு கலந்த காக்கபூ, மால்ட்டீஸோடு கலந்த மால்ட்டிபூ, எந்தப் பெயராக இருந்தாலும் விற்பவர் சொல்லும் இரண்டு வாக்குறுதிகள் மட்டும் மாறுவதே இல்லை. முடி கொட்டாது, அலர்ஜி வராது. எங்கள் வீட்டிலும் ஒரு கவாபூ இருக்கிறது, அவள் மேல் உயிரையே வைத்திருக்கிறேன். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து சீப்பு பிடிக்க வீட்டில் ஒருவர்கூட இல்லையென்றால், தயவுசெய்து இந்த நாயை வாங்காதீர்கள்.

பூடில் முடி நிற்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். உதிர்கிற முடியும் தரையில் விழாமல் சுருளுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். உங்கள் சோபாவில் முடி இல்லையென்றால், அது நாயின் உடம்பிலேயே தங்கி, பக்கத்து முடியோடு பின்னிச் சிக்காகிறது என்று அர்த்தம். சிக்கு தோலை இழுக்கும், அடியில் ஈரம் தங்கும், அப்புறம் புண்ணாகும். மேலே தடவிப் பார்த்தால் பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கும் நாய்க்கு அடியில் தோலை ஒட்டிக் கெட்டியாகச் சடை பிடித்திருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த நாய்க்கு ஒவ்வொரு அசைவும் வலி. வாயில்லாத ஜீவன், சொல்லாது.

முடி கொட்டவே கொட்டாது என்பதும் உறுதியில்லை. நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்று மரபணுக்கள் தீர்மானிக்கின்றன என்று 2009-இல் கண்டறிந்தார்கள். ஒன்று நீளத்துக்கு, ஒன்று சுருளுக்கு, இன்னொன்று மீசை புருவத்துக்கு. கலப்பில் எந்தக் குட்டிக்கு எது போய்ச் சேரும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. ஒரே ஈற்றில் ஒன்று நன்றாகச் சுருண்டும், இன்னொன்று அலையாக, கொஞ்சம் முடி உதிர்த்துக்கொண்டும் வளரும்.

அலர்ஜிக்குக் காரணம் முடியே அல்ல. எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். அவற்றில் முக்கியமானது கேன் எஃப் 1. நெதர்லாந்தில் 2012-இல் வெளியான ஆய்வு ஒன்று, அலர்ஜி தராது என்று பெயர் வாங்கிய நாய்களையும் மற்ற நாய்களையும் ஒப்பிட்டது. முதல் வகையில் இந்தப் புரதம் குறைவாக இருப்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அவற்றின் முடியில் அது இன்னும் அதிகமாகவே இருந்தது.

லாப்ரடூடில் பிறந்த கதையே இதற்குச் சாட்சி. 1980-களின் கடைசியில், ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கு வழிகாட்டி நாய்களைப் பழக்கும் அமைப்பில் வேலை செய்த வாலி கான்ரன், நாய் அலர்ஜி உள்ள கணவரோடு ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார். பிறந்த மூன்று குட்டிகளில் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது ஒன்றே ஒன்று. தான் தொடங்கி வைத்தது கண்மூடித்தனமான வியாபாரமாகிவிட்டதே என்று கான்ரன் பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தினார். எனவே வீட்டில் யாருக்காவது மூச்சிரைப்போ அலர்ஜியோ இருந்தால், வாங்கப்போகும் அதே குட்டியோடும் அதன் தாயோடும் சில மணி நேரம், வெவ்வேறு நாட்களில், இருந்து பாருங்கள். மருத்துவரிடமும் கேளுங்கள்.

"கலப்பு என்றால் நோய் வராது" என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. பிரிட்டனின் ராயல் வெட்னரி காலேஜ் ஆய்வாளர்கள் கவாபூ, காக்கபூ, லாப்ரடூடில் மூன்றையும் அவற்றின் தாய் தந்தை இனங்களோடு ஒப்பிட்டு 2024-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலான நோய்களில் வித்தியாசம் தெரியவில்லை. காரணம் புரிந்துகொள்ளக் கடினமானதல்ல. விழித்திரை மெல்ல அழிந்து பார்வை போகும் ஒரு பரம்பரை நோய் பூடிலிலும் உண்டு, காக்கர் ஸ்பேனியலிலும் உண்டு. தாயும் தந்தையும் அதே கோளாறை வெளியே தெரியாமல் சுமந்துகொண்டிருந்தால், கலப்பு குட்டியைக் காப்பாற்றாது. கவாபூ என்றால் கவாலியர் வழியாக இதய வால்வு நோய் வரலாம். சின்ன நாய்களில் முழங்கால் சில்லு விலகும் தொல்லை பரவலாக உண்டு.

ஆகவே குட்டியைப் பார்க்கும் முன் தாயைப் பாருங்கள். குட்டிகளோடு சேர்த்து, அது வளரும் இடத்திலேயே பாருங்கள். தாய் பயந்து பதுங்குகிறதா, ஆளைப் பார்த்ததும் வாலாட்டி வருகிறதா என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்கான மரபணுச் சோதனை, இதயப் பரிசோதனை, முழங்கால் பரிசோதனை முடிவுகளைக் கேளுங்கள். கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் வாங்க வேண்டாம். எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தருகிறவரிடமும், "டீகப்" என்று சொல்லிக் கைக்குள் அடங்கும் குட்டியைக் காட்டுகிறவரிடமும் வேண்டவே வேண்டாம். அவ்வளவு சிறிய குட்டிகளுக்கு ஒரு வேளை சாப்பாடு தவறினாலே ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும் ஆபத்து இருக்கிறது.

சரி, வாங்கியாயிற்று. முதல் வாரத்திலிருந்தே சீப்பைப் பழக்குங்கள். குட்டி முடிக்கு அது தேவைப்படாது, ஆனால் குட்டிக்குத் தேவை. பாதத்தைப் பிடிப்பது, காதைத் தூக்குவது, டிரையர் சத்தம் எல்லாம் விளையாட்டாகவே பழகட்டும். ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும்போதுதான் உண்மையான சோதனை. நேற்று சீவிய இடத்தில் இன்று சிக்கு இருக்கும். முடியை வகிடு வகிடாகப் பிரித்து, தோலை ஒட்டிய வேரிலிருந்து ஸ்லிக்கர் பிரஷால் (மெல்லிய கம்பிப் பற்கள் நெருக்கமாக உள்ள பிரஷ்) சீவி, பிறகு இரும்புச் சீப்பை ஓட்டிப் பாருங்கள். தடங்கலில்லாமல் ஓடினால்தான் முடிந்தது. காதுக்குப் பின்னால், அக்குள், கழுத்துப் பட்டைக்கு அடியில், தொடையிடுக்கு, இந்த நான்கும்தான் முதலில் சடை பிடிக்கும். சிக்கோடு குளிப்பாட்டினால் அது இன்னும் இறுகும், சீவிவிட்டுத்தான் தண்ணீர். கத்தரிக்கோலால் சிக்கை வெட்டப் போகாதீர்கள், தோல் அதோடு சேர்ந்தே மேலே எழும்பியிருக்கும்.

ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை முடி வெட்ட வேண்டும். ஆயுள் முழுக்க, அதாவது பன்னிரண்டு பதினைந்து வருடம், அந்தச் செலவு உண்டு. படத்தில் பார்த்த பஞ்சு உருண்டை வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் ஒட்ட வெட்டிவிடுங்கள். நாய் நிம்மதியாக இருக்கும், உங்களுக்கும் சீவும் வேலை பாதியாகும்.

தொங்கு காதில் நாற்றமோ சிவப்போ தெரிந்தால் உடனே டாக்டர். பல் தினமும் துலக்க வேண்டும், சின்ன வாயில் பல் சீக்கிரம் கெடும். திராட்சை, சாக்லேட், வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரைக்கு மாற்றான இனிப்பு கலந்த சூயிங்கம் எதுவும் எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது.

இன்னொன்று. பூடில் அலங்கார நாயாகத் தொடங்கவில்லை. வேட்டைக்காரர் சுட்ட வாத்தைத் தண்ணீரில் நீந்திப்போய்க் கவ்வி வந்த நாய் அது. அந்த மூளை இந்தச் சின்ன உடம்பிலும் இருக்கிறது. மடியில் வைத்துக் கொஞ்சினால் மட்டும் போதாது, நடை வேண்டும், மோப்பம் பிடித்துத் தேடும் விளையாட்டு வேண்டும், கற்றுக்கொள்ள ஏதாவது வேண்டும். நாள் முழுக்கத் தனியாகப் பூட்டி வைத்தால் குரைத்துத் தீர்க்கும், அல்லது தன் பாதத்தையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். காலையில் போய் இரவு திரும்பும் குடும்பங்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதே இல்லை.

இத்தனையும் படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், குட்டியைத் தேடும் முன் நாய்க் காப்பகங்களில் விசாரித்துப் பாருங்கள். முடியைப் பராமரிக்க முடியாமல் விடப்பட்ட வளர்ந்த பூடில் கலப்பு நாய்களும் அங்கே வருவதுண்டு. அவற்றின் முடி எப்படிப்பட்டது, குணம் எப்படி, உங்கள் வீட்டு அலர்ஜிக்கு ஒத்துவருமா என்பதெல்லாம் நேரிலேயே தெரிந்துவிடும். எட்டு வாரக் குட்டியிடம் இதில் பாதியைக்கூடத் தெரிந்துகொள்ள முடியாது.