ஹெட்போன் போட்டிருப்பவன் பேச்சைக் கேளுங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிப்பின் கடைசி வருடத்தில் ஐந்து பேர் சேர்ந்து 11 நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்தோம். இப்போது ஜூனியர்கள் அந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். எந்தக் கேமராவை வாடகைக்கு எடுக்கலாம், எந்த லென்ஸ் நன்றாக இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மைக் பற்றி இதுவரை ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் கதை முழுக்க ஒரே வீட்டில். பாளையங்கோட்டைப் பக்கம், நண்பனின் ஆச்சி வீடு. ஊரிலிருந்து வந்த மகன் வாசலிலேயே நின்று பேசிவிட்டுப் போய்விடுவான். அதன்பிறகு ஆச்சிக்கு ஒரே ஒரு வசனம். நடித்தது நண்பனின் ஆச்சியேதான். நாங்கள் எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, "வந்தவன் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போயிருக்கலாம்லா" என்றார். சொல்லிவிட்டு, முந்தானையால் சொம்பின் விளிம்பைத் துடைத்தார். யாரும் சொல்லித் தரவில்லை. கட் சொல்லவே எங்களுக்கு மனசு வரவில்லை.

ஹெட்போன் போட்டுக்கொண்டு பூம், அதாவது நீளக் கம்பில் மாட்டிய மைக், பிடித்திருந்தவன் மட்டும் கையைத் தூக்கினான். "ஃபிரிட்ஜ் சத்தம் விழுதுடா. இன்னொரு டேக் போவோம்."

வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. "டப்பிங்ல பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஷாட்டுக்குப் போனோம்.

நம் சினிமா பல காலம் டப்பிங்கிலேயே ஓடியதால் இந்த வார்த்தை நமக்குச் சுலபமாக வருகிறது. அங்கே பேசுகிறவர்கள் அதற்கென்றே பழகியவர்கள். ஆச்சியைக் கண்ணாடி அறைக்குள் நிற்கவைத்து, திரையில் அவர் உதட்டையே காட்டி, "இப்ப சொல்லுங்க ஆச்சி" என்றோம். எட்டுத் தடவை சொன்னார். வார்த்தை வந்தது. அன்றைக்கு 'தண்ணி'க்கு முன்னால் இழுத்த அந்த மூச்சு வரவே இல்லை.

சரி, பழைய டேக்கிலிருந்தே இரைச்சலை எடுத்துவிடலாம் என்று பார்த்தால், இரைச்சல் குறையக் குறைய ஆச்சியின் குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிட்டது. வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு ரூம் டோனும் எங்களிடம் இல்லை. அதாவது, எல்லோரும் வாயை மூடி அசையாமல் நின்று, அந்த அறையின் அமைதியை ஒரு நிமிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அதையும் அவன்தான் கேட்டான். பசிக்கிறது என்று கிளம்பிவிட்டோம்.

ஃபிரிட்ஜை அணைத்திருக்கலாம். பிறகு போட மறந்தால் உள்ளே இருப்பது கெட்டுவிடுமே என்ற பயம். அதற்கும் ஒலிப்பதிவுக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது: ஃபிரிட்ஜை அணைக்கும்போது வண்டிச் சாவியை உள்ளே வைத்துவிடுவார்கள். சாவி இல்லாமல் வீட்டுக்குப் போக முடியாது, எடுக்கப் போகும்போது சுவிட்சும் ஞாபகத்துக்கு வந்துவிடும். எனக்கு இது படம் முடிந்த பிறகுதான் தெரிய வந்தது.

கேமரா பக்கமும் பிழை நடந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில் ஷட்டரை 1/60 நொடியில் வைத்து, ஒரு காட்சி முழுக்க மினுக்கியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போக ஷட்டரை 1/50 வைத்தால் போதும். ஆனால் அதை மறுநாளே திரும்ப எடுத்துவிட்டோம். ஆச்சியின் அந்த வசனத்தை எடுக்க முடியவில்லை.

எனக்கு இன்றும் உறுத்துவது இதுதான். செட்டில் இருந்த ஐந்து பேரில் நான்கு பேர் மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவன் ஒருவன்தான். டைரக்‌ஷன், கேமரா, எடிட்டிங் எல்லாம் பிரித்துக்கொண்ட பிறகு மிச்சமிருந்தவன் கையில் மைக்கைக் கொடுத்தோம். அதனால் அவன் சொன்னது எங்கள் காதில் ஏறவில்லை. குழுவில் மிகவும் பொறுமையான ஆளுக்கு அந்த வேலையைக் கொடுங்கள். அவன் ஓகே சொல்லாமல் டைரக்டரே ஆனாலும் அடுத்த ஷாட்டுக்குப் போகக் கூடாது என்று முதல் நாளே பேசி வையுங்கள்.

படத்தில் கடைசியில் அந்த இரைச்சலோடு இருந்த டேக்கையே வைத்தோம்.

இந்த மாதம் ஷூட்டிங் வைத்திருக்கும் ஜூனியர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பூம் பிடிக்க நானே வருகிறேன்.