ஆளில்லாம இன்ஸ்டால் ஆகுமாம், எண்டர் தட்ட மட்டும் ஆள் வேணுமாம்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு காலேஜ் லேபை எடுத்துக்கிட்டா, பழைய சாட்டா டிஸ்க்கும் புது என்விஎம்இ டிஸ்க்கும் கலந்துதான் கெடக்கும். ஒரே டெபியன் பிரிசீட் ஃபைலை (லினக்ஸ் இன்ஸ்டாலர் கேக்குற கேள்விக்கு முன்கூட்டியே பதில் எழுதி வச்ச ஃபைல்) எல்லா மெஷினுக்கும் விட்டுட்டு நிம்மதியா டீ குடிக்கப் போக முடியுமாவே? ஃபைல்ல டிஸ்க் பேரை எஸ்டிஏன்னு (சாட்டா, யுஎஸ்பி டிஸ்க்குல முதல்ல தெரியுறதுக்கு லினக்ஸ் வைக்கிற பேரு) எழுதி வச்சா, என்விஎம்இ மெஷின்ல அப்படி ஒரு டிஸ்க்கே இருக்காது. இன்னொண்ணுல, பூட் பண்ணச் சொருகின பென்டிரைவே எஸ்டிஏன்னு உக்காந்திருக்கும். பேரையே எழுதக்கூடாது. டிஸ்க்கைப் பிரிக்கிற பார்ட்மேன் தொடங்குமுன்ன ஓடுற எர்லி கமாண்டுல லிஸ்ட்-டிவைசஸ் ஓடவிட்டு, டிஸ்க் பட்டியலை எடுத்து, பென்டிரைவைக் கழிச்சு, மிஞ்சுற டிஸ்க்கை டெப்கான்ஃப்-செட் வழியா இன்ஸ்டாலர்கிட்ட கொடுக்கணும்.

அப்பவும் விடாது. பழைய எல்விஎம் (டிஸ்க் இடத்தைத் தேவைக்கேத்த மாதிரி பிரிச்சுக்குற முறை) தடம் இருந்தா, "அழிக்கட்டுமா?"ன்னு கேட்டுட்டு ராத்திரி பூரா நிக்கும். டிவைஸ்-ரிமூவ்-எல்விஎம் ட்ரூ போட்டா போதும்னு நெனைக்காதீங்க. பல டிஸ்க்கை ஒண்ணாக் கட்டுற ரெய்டுக்குத் தனி பதில், எல்விஎம் கன்ஃபர்முக்குத் தனி, நோஓவர்ரைட்டுக்குத் தனி, கடைசியா டிஸ்க்குல எழுதுறதுக்கும் தனி. கல்யாண வீட்டுல ஒவ்வொரு பெரியப்பாகிட்டயும் போய்ச் சம்மதம் கேக்குற கதைதான்.

டிடி கமாண்டு வச்சு முதல் 1 எம்பியை மட்டும் துடைச்சிட்டு "சுத்தமாயிட்டு"ங்கிற ஆளுக வேற. ஜிபிடியோட (டிஸ்க்கோட பார்ட்டிஷன் அட்டவணை) நகல் டிஸ்க்கு வால்ல, கடைசி 33 செக்டர்ல இருக்குவே! ரெண்டு முனையையும் துடைக்கணும். பழைய பயாஸ் மெஷின்ல ஜிபிடி போட்டா, பூட் பண்ணித் தர்ற கிரப்புக்கு 1 எம்பி பயாஸ் பூட் பார்ட்டிஷன் ஒதுக்கணும். ஒதுக்கலையா, எல்லா பேக்கேஜும் எறங்கி முடிஞ்ச பெறவு, கடைசியிலதான் கிரப் கையை விரிக்கும்.